கடாரம்: கிளம்பிப் போய்ப் படிக்க வேண்டிய பாடம்

செமோரில் அதிகாலை பஸ் ஏறினால் தைப்பிங், பட்டர்வொர்த் தாண்டி, மதியத்துக்கு முன்பே கெடாவின் மெர்போக் போய்விடலாம். பூஜாங் பள்ளத்தாக்கு அங்கேதான். நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம் இந்த வட்டாரம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. படிவம் 2 சரித்திரத்தில் வரும் 'கெடா துவா'வும் இதுதான்.

முதல்முறை போகும் மாணவர்கள் "இவ்வளவுதானா சார்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். புக்கிட் பத்து பஹாட் சண்டியில் கோபுரம் இல்லை. கருவறைக்கும் மண்டபத்துக்கும் உரிய கல் அடித்தளம்தான் உண்டு. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிப் பார்த்த இடம் அது. 1959–60இல் அலஸ்டேர் லாம்ப் கற்களை மறுபடி அடுக்கி நிறுத்தினார். மரத்தூண்கள் மக்கிப்போய், அவை நின்ற கல் பாதங்கள் மட்டும் மிச்சம். அவற்றை எண்ணச் சொல்லுங்க. கூரையை அவர்களே வரையட்டும்.

பிறகு ஜெராய் மலையைக் காட்டுங்க. 1,217 மீட்டர். வங்கக்கடலைக் கடந்து வரும் மாலுமிக்குத் தூரத்திலேயே தெரிந்த அடையாளம் அது. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல், வடகிழக்குக் காற்று எழும்வரை திரும்ப முடியாது. மாதக்கணக்கில் தங்கணும். தங்குகிறவனுக்குச் சந்தை வேணும், கிடங்கு வேணும், கும்பிட ஓர் இடமும் வேணும். 'கெடா துவா துறைமுகமாக வளர்ந்த காரணங்கள்' என்ற கேள்விக்கு மனப்பாடம் செய்த நாலு வரியைவிட, அந்த மலையடியில் நின்று யோசித்த விடை மனசில் நிற்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீங்க: "ராஜேந்திர சோழன் கட்டிய ஊர்." அவன் படை வந்தது 1025இல். புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர் பொறித்த கல்லோ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; பக்கத்துச் செபராங் பிறையில் கிடைத்தது. சோழன் வந்தபோதே இந்தக் கரையின் கடல் வணிகத்துக்கு ஐந்நூறு வயசு. இன்னும் சுவையான சங்கதி, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்ப, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. அப்பா மானியம் கொடுத்த அரசகுலத்தின் மேல்தான் மகன் கப்பற்படை அனுப்பினான்! ஏன் என்று வகுப்பில் விவாதிக்க விடுங்க. ஒரு பாடவேளை போதாது.

போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தனியார் நிலத்தில் இருந்த சண்டி எண் 11, மேம்பாட்டு வேலைக்காக இடிக்கப்பட்டுவிட்டது என்பது 2013 கடைசியில்தான் வெளியே தெரிந்தது. ரப்பர் தோட்டம் கைமாறி, லயமும் கோவிலும் காணாமல் போனதைக் கண்ட நம் பேராக் குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கும் சண்டிகளில் சில வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. எது சொந்த இடத்தில் இருக்கிறது, எது இடம் மாறியது என்று பெயர்ப்பலகை பார்த்துக் குறித்துவரச் சொல்லுங்க. பயிற்சித்தாளில் அதுவே முதல் கேள்வியாக இருக்கட்டும்.