விரிவுரை மண்டபத்திலிருந்து இணையத்துக்கு

பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் கற்பித்தலைத் தொடங்கியது. அங்கே பாடநெறியை ஆக்கும் சுமை தனியொரு விரிவுரையாளரின் தலையில் விழவில்லை. துறை அறிஞர்களும் கற்பித்தல் தொழினுட்பவியலாளரும் பிபிசி தயாரிப்பாளரும் ஒரு குழுவாக இருந்து அதனை உருவாக்கினர்.

இலங்கையில் 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அத்தகைய அவகாசம் எவருக்கும் வாய்க்கவில்லை. 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பு சூம் வசதியை வழங்கியது. தொலைபேசி நிறுவனங்கள் கற்றலுக்கான தரவுக் கட்டணத்தை விலக்கின. வழி திறந்தது.

ஆயினும், ஒரு மணிநேர விரிவுரையை எங்கே பிரிப்பது, முகம் காட்டாத மாணவருக்கு அது விளங்கியதா என்பதை எவ்வாறு அறிவது என்பனவற்றை எந்தக் கருவியும் கற்றுத்தராது. கரும்பலகையோடு பழகிய ஆசிரியருக்குப் பக்கத்தில் அமர்ந்து, பாடத்தைக் கலைத்து மீளக் கட்ட உதவும் ஒருவர் வேண்டும். 1971இன் அனுபவம் உணர்த்தி நிற்பதும் இதனையே.