மேல்வீட்டில் தூங்குபவர்

1770-களில் லண்டனை ஒட்டிய பட்னி ஹீத் திடலில் ஒரு வீட்டுக்குள் வேண்டுமென்றே திரும்பத் திரும்பத் தீ மூட்டினார்கள். வீட்டைக் கட்டியவர் டேவிட் ஹார்ட்லி, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். 1783-இல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரிட்டன் சார்பில் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். தரைப் பலகைக்கு அடியில் மெல்லிய உலோகத் தகடு பரப்பினால் கீழறைத் தீ மேலே ஏறாது என்பது அவர் கட்சி. கீழே தீ எரிய, மேலறையில் மன்னர் மூன்றாம் ஜார்ஜும் அரசி சார்லட்டும் காலை உணவு சாப்பிட்டதாகக் குறிப்புகள் சொல்கின்றன. சோதனைகளுக்காக நாடாளுமன்றம் 2,500 பவுண்டு தந்தது. 1776-இல் அங்கே எழுப்பிய நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது.

ஹார்ட்லியின் கேள்வி அன்றைக்குப் புதிது. 1666-இன் பெருந்தீ லண்டனுக்குச் சுவரைப் பற்றித்தான் பாடம் சொன்னது. 1667 சட்டம் வெளிச்சுவர்களைச் செங்கல்லிலோ கல்லிலோ கட்டச் சொன்னது. 1774 சட்டம் அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையிலான பொதுச் சுவரை இறுக்கியது. வீட்டுக்குள்ளே தளங்கள் மரமாகவே நீடித்தன. மேலே பலகை, நடுவில் மரச்சட்டங்கள், அடியில் மெல்லிய பட்டிகளின்மேல் சுண்ணாம்புப் பூச்சு. மாடியும் கீழும் ஒரே குடும்பம்தானே!

இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பெரிய விக்டோரிய வீடுகளைத் தளம் தளமாகப் பிரித்து ஃப்ளாட் ஆக்கினார்கள். அதுவரை ஒரு குடும்பத்தின் சீலிங்காக இருந்தது, இரண்டு அந்நியர்களுக்கு நடுவிலான எல்லையாக மாறியது. சுவர் செய்த வேலை இப்போது சீலிங்கின் தலையில். அது 30 அல்லது 60 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும் என்கின்றன அங்குள்ள விதிகள். கட்டடத்தின் உயரத்தைப் பொறுத்து நேரம் மாறும். இதற்குக் கைகொடுப்பது ஜிப்சம் போர்டு. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். அது ஆவியாகித் தீரும்வரை மறுபக்கத்தின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். மேலே இருப்பவர் விழித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க அந்த வேதியியல் கொடுக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

அந்தப் போர்டில்தான் டவுன்லைட்டுக்கு ஓட்டை போடுகிறோம். ஒரு சமையலறைக்கு எட்டு, பத்து. பழைய ஹாலஜன் பல்புகளில் பலவற்றின் பிரதிபலிப்பான், வெளிச்சத்தைக் கீழே அனுப்பிவிட்டு வெப்பத்தின் பெரும்பங்கைப் பின்னால் விடும். பின்னால் இருப்பதோ காய்ந்த மரமும் தூசியும். மேலே வெப்பக் காப்புப் பஞ்சையும் போர்த்திவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. எல்.இ.டி. வந்தபின் இந்த ஆபத்து பெருமளவு குறைந்தது. அதனாலேயே பிரச்சினை தீர்ந்ததாக ஒரு நினைப்பு. ஆனால் எந்த பல்பு மாட்டினாலும் ஓட்டை ஓட்டைதான். கீழே அடுப்பில் பிடித்த தீ அதன் வழியே நேராக மரச்சட்டத்தைத் தொடும்.

மாற்று இல்லாமலில்லை. சூடுபட்டதும் உப்பி ஓட்டையை அடைக்கும் பொருள் வைத்த விளக்குகள் கிடைக்கின்றன. மேலே கவிழ்க்கும் உறைகளும் உண்டு. ஆனால் சான்றிதழ், சோதித்த சீலிங் அமைப்புக்கு மட்டுமே பேசும். கனமான மரச்சட்டத்தில் தேறிய விளக்கு, மெல்லிய நடுப்பலகை கொண்ட 'ஐ' வடிவச் சட்டத்திலும் தேறும் என்று அர்த்தமில்லை. மென்பொருள்காரனுக்கு இது புரியும்: ஒரு கணினியில் ஓடியது என்பது எல்லாக் கணினிக்கும் உத்தரவாதமில்லை.

எங்கள் தொழிலின் 'ஃபயர்வால்' என்ற சொல்லே கட்டடத்திலிருந்து கடன் வாங்கியதுதான். அதில் யார், எப்போது, எதற்காக வழி திறந்தார் என்று பதிவு வைக்கலாம். சீலிங்கில் போட்ட ஓட்டைக்கு அப்படி ஒன்றுமில்லை. விளக்கின் வளையம் அதை மூடிவிடும், வீடு கைமாறிவிடும்.

வெளிச்சம் கீழ்வீட்டுக்கு, ஆபத்து மேல்வீட்டுக்கு. இதுதான் என்னை உறுத்துவது. ஓட்டை போடுபவருக்கு அதன் விலை தெரிவதில்லை. விலை கொடுப்பவரை யாரும் கேட்பதுமில்லை. தன் காலடியில் என்ன எரிகிறது, நடுவில் என்ன இருக்கிறது என்பது மன்னருக்குத் தெரியும். அதே தகவல் மாடியில் குடியிருப்பவருக்கும் கிடைக்க வேண்டும்: எத்தனை ஓட்டை, எந்த விளக்கு, எந்தச் சட்டத்துக்குச் சோதித்தது. ஒரு தாள் போதும்.