மழைக்காலத்தில் பூட்டப்படும் கடல்: கேரள மீன்பிடித் தடையின் வரலாறு

ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 9ம் தேதி நள்ளிரவில் கொல்லம் அருகே உள்ள நீண்டகரைப் பாலத்தின் தூண்களுக்கு இடையே இரும்புச் சங்கிலி கட்டப்படுகிறது. அதற்குப் பிறகு விசைப்படகுகள் கடலுக்குள் போக முடியாது. ஜூலை 31 நள்ளிரவில்தான் சங்கிலி அவிழும். 52 நாட்கள் கடலுக்குப் பூட்டு! ஆனால் அதே நாட்களில் வள்ளங்களும் சிறு படகுகளும் கடலுக்குப் போகலாம். அவர்களுக்குத் தடை இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? மீன் குஞ்சு பொரிக்கும் காலம், அதனால் தடை என்றுதான் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கடல் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையின் வரலாறு. அந்தச் சண்டை தொடங்கியதும் இதே நீண்டகரையில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

நார்வேயில் இருந்து வந்த திட்டம்

1952ல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. நார்வே வெளிநாடு ஒன்றுக்குச் செய்த முதல் வளர்ச்சி உதவி இதுதான். அப்போது கேரளம் என்ற மாநிலமே உருவாகவில்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதி தேர்வு செய்யப்பட்டு, 1953ல் வேலை தொடங்கியது.

திட்டத்தின் நோக்கம் நல்ல நோக்கம்தான். மீனவர்களுக்கு இயந்திரப் படகு, ஐஸ் தொழிற்சாலை, குடிநீர், சுகாதார நிலையம். மீன் அதிகம் பிடித்தால் மீனவன் வருமானம் உயரும், ஊர் மக்களுக்கு மலிவாக மீன் கிடைக்கும் என்பது கணக்கு.

ஆனால் கணக்கை மாற்றியது இறால். 1953லேயே கொச்சியில் இருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கிவிட்டது. அதுவரை மலிவாகக் கிடந்த இறாலுக்கு டாலர் விலை கிடைத்ததும், எல்லார் கண்ணும் அதன் மேல் விழுந்தது. இறால் கடலின் அடித்தரையில் வாழ்வது. அதைப் பிடிக்க இழுவை வலைதான் வசதி. 1960களில் விசைப்படகு என்றாலே இழுவைப் படகு என்றாகிவிட்டது. அரசும் மானியம் கொடுத்தது. படகு வாங்கியவர்களில் மீனவர்களும் உண்டு, கடலுக்கே போகாத வியாபாரிகளும் முதலாளிகளும் உண்டு. 1963ல் திட்டத்தின் தலைமை இடம் எர்ணாகுளத்துக்கு மாறியது. 1972ல் நார்வே விலகிக்கொண்டது. இழுவை வலை மட்டும் தங்கிவிட்டது.

ஏழைகளுக்கு மீன் கொடுக்கத் தொடங்கிய திட்டம், வெளிநாட்டுக்கு இறால் அனுப்புவதில் முடிந்தது எனலாம்.

அடித்தரையைச் சுரண்டும் வலை

இழுவை வலை பை போன்றது. படகு ஓட ஓட, அது கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டே வரும். இறாலோடு மற்ற மீன்கள், குஞ்சுகள், முட்டைகள், நண்டு, சிப்பி எல்லாம் சேர்ந்து வரும். வேண்டாதது திரும்பக் கடலில் கொட்டப்படும்.

இறால் அதிகம் இருப்பது கரைக்குப் பக்கத்தில். கட்டுமரமும் வள்ளமும் வலை போடுவதும் அங்கேதான். இரவில் விசைப்படகு குறுக்கே ஓடினால் சிறு மீனவனின் வலை அறுந்துவிடும். கடன் வாங்கி வாங்கிய வலை அது.

1973ல் கேரளத்தின் கடல் மீன் வரத்து சுமார் 4.5 லட்சம் டன். 1980ல் அது சுமார் 2.8 லட்சம் டன்னாகக் குறைந்தது. அடி வாங்கியவர்களில் சிறு மீனவர்கள்தான் முன்னால் நின்றார்கள். கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக ஊர் ஊராக விற்ற பெண்களும் பாதிக்கப்பட்டார்கள். மீன் துறைமுகத்தில் மொத்தமாக இறங்கி ஏலம் போனபோது, அவர்கள் கூடைக்கு வருவது குறைந்தது.

மத்தியும் அயிலையும் கேரளத்தில் ஏழைகளின் சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் மீன்கள். அதனால் இது மீனவர் பிரச்சினை மட்டும் அல்ல, சோற்றுப் பிரச்சினையும்கூட.

கரையில் எழுந்த போராட்டம்

இது கேரளத்தில் மட்டும் நடக்கவில்லை. கோவாவில் ராம்பொன் எனும் கரைவலை இழுக்கும் மீனவர்கள் 1970களில் கிளர்ந்து எழுந்தார்கள். சென்னையிலும் கட்டுமர மீனவர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் மோதல்கள் நடந்தன. 1978ல் பல மாநில மீனவர் அமைப்புகள் கூடித் தேசிய மீனவர் பேரவையைத் தொடங்கின.

மத்திய அரசு 1976ல் மஜும்தார் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1979ல் மாநிலங்களுக்கு மாதிரிச் சட்ட வரைவு ஒன்றை அனுப்பியது. அதன்படி கேரளமும் கோவாவும் 1980ல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் 1983ல் சட்டம் வந்தது. கரையில் இருந்து 3 கடல் மைல் வரை சிறு மீனவர்களுக்கு என்று அது ஒதுக்கியது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் நடுக்கடலில் கோடு போட முடியுமா? விசைப்படகுகள் கோட்டைத் தாண்டி வந்துகொண்டே இருந்தன. அதைப் பார்த்துப் பிடிக்க அரசிடம் போதிய படகுகள் இல்லை. எனவே கேரள மீனவர்கள் வேறொரு கோரிக்கையை முன்வைத்தார்கள். இடத்தைப் பிரித்தால் காவல் காக்க முடியவில்லை, காலத்தைப் பிரியுங்கள். மழைக்காலத்தில் இழுவை வலையை முழுவதும் நிறுத்துங்கள். படகு துறைமுகத்தில் கிடக்கிறதா இல்லையா என்று கரையில் நின்றே பார்த்துவிடலாம் அல்லவா?

கேரள சுதந்திர மத்ஸ்ய தொழிலாளி பெடரேஷன் இதற்காக 1980கள் முழுவதும் போராடியது. பாதிரியார் தாமஸ் கோச்சேரி போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். உண்ணாவிரதம், மறியல், ஊர்வலம் என்று ஆண்டுதோறும் மழையோடு போராட்டமும் வந்தது. இயக்கத்தில் கன்னியாஸ்திரிகளும் மீன் விற்கும் பெண்களும் பெரும் பங்கு எடுத்தார்கள்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நீண்டகரைக் கடலில் கரிக்காடி இறால் மழைக்காலத்தில்தான் கூட்டமாகக் கிடைக்கும். அதை விட்டால் அந்த ஆண்டு வருமானமே போய்விடும் என்றார்கள் விசைப்படகுக்காரர்கள். அந்தப் படகுகளில் கூலிக்குப் போனவர்களும், இறால் உரிக்கும் கொட்டகைகளில் வேலை செய்த பெண்களும் ஏழைகள்தான்.

அரசு குழு மேல் குழு போட்டது. 1981ல் பாபு பால் குழு ஒரே கருத்துக்கு வர முடியவில்லை. அடுத்து களாவர் குழு. கடைசியில் பேராசிரியர் பாலகிருஷ்ணன் நாயர் தலைமையில் நிபுணர் குழு. 1988ல் முதன்முறையாக மழைக்காலத் தடை நடைமுறைக்கு வந்தது.

விசைப்படகு உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1994ல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. பிறகு தடை ஆண்டு வழக்கமானது. முதலில் 45 நாட்கள், பிறகு 47, 2018 முதல் 52. கிழக்குக் கடற்கரையில் 2001ல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை, இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள்.

வென்றவர்களின் கையிலும் மோட்டார்

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை.

போராடிக்கொண்டிருந்த அதே 1980களில் சிறு மீனவர்களும் தங்கள் வள்ளங்களில் அவுட்போர்டு மோட்டார் பொருத்தினார்கள். விசைப்படகோடு போட்டி போட வேறு வழி தெரியவில்லை. அடுத்து ரிங் வலை வந்தது. மத்திக் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் வலை அது. ஆண்டுகள் போகப் போக வலையும் பெரிதானது, வள்ளமும் பெரிதானது. முப்பது நாற்பது பேர் ஏறும் வள்ளமும் சட்டத்தின் கண்ணில் 'பாரம்பரிய' வள்ளம்தான். அதனால் மழைக்காலத் தடை அதற்குக் கிடையாது.

2012ல் கேரளத்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021ல் கிடைத்தது வெறும் 3,297 டன். கடல் வெப்பநிலை, எல் நினோ போன்ற காரணங்கள் இதில் உண்டு. மத்தி எப்போதும் ஏறி இறங்கும் மீன்தான். ஆனால் குஞ்சு மத்தியை அள்ளியதும் நிலைமையை மோசமாக்கியது. இதனால்தான் குறைந்தபட்ச அளவு விதி கொண்டுவரப்பட்டது. மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ. அதற்குக் கீழே பிடிக்கக் கூடாது. 2023ல் மத்தி மீண்டும் 1 லட்சம் டன்னைத் தாண்டியது.

பக்கத்து ஏரியில் ஒரு பாடம்

நீண்டகரைக்குப் பக்கத்தில்தான் அஷ்டமுடி ஏரி. இங்கே மட்டி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 1980களில் தென்கிழக்கு ஆசியாவில் இருந்து மட்டிக்குக் கிராக்கி வந்தது. 1991ல் 10,000 டன் எடுத்தார்கள். 1993ல் அது பாதியாகக் குறைந்தது.

இங்கே குழு மேல் குழு தேவைப்படவில்லை. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் சொன்னதை மட்டி எடுப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கக் கூடாது. வலைக் கண் 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இயந்திரம் கூடாது. மட்டி திரும்பியது. 2014ல் கடல்வளப் பாதுகாப்புக்கான எம்.எஸ்.சி. சான்று பெற்ற இந்தியாவின் முதல் மீன்பிடி இதுவே.

ஏரி சிறியது, மட்டி நகராது, எடுப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். கடலில் மூன்றும் இல்லை. ஆனாலும் ஒன்று தெரிகிறது. விதியை ஏற்பவன் அதை உருவாக்குவதிலும் பங்கு பெற்றால், காவலுக்குச் சங்கிலி தேவைப்படாது.

முடிவாக

2014 ஜூனில் உலக உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு, சிறு அளவு மீன்பிடிக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மீன் தொழிலாளர் ஆதரவு அமைப்பை நடத்தி வந்த சந்திரிகா ஷர்மாவின் நினைவுக்கு அது அர்ப்பணிக்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானத்தில் அவர் பயணம் செய்தார். மீன்வளத்தைக் காப்பதையும் மீனவர் உரிமையையும் அந்த நெறிகள் தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

கேரள வரலாறு சொல்வதும் அதைத்தான். மீனைக் காப்பாற்றச் சொல்லி முதலில் தெருவுக்கு வந்தவர்கள் மீன் பிடிப்பவர்கள். அவர்களே பெரிய வலைக்குப் போனபோது மீன் மறுபடி குறைந்தது. 'பாரம்பரியம்' என்ற பெயர் மத்தியைக் காப்பாற்றவில்லை. எவ்வளவு பெரிய வலை, எவ்வளவு சின்ன மீன் என்ற அளவுகள்தான் காப்பாற்றும். அந்த அளவுகளைக் கரையில் உட்கார்ந்து, மீனவர்களும் விஞ்ஞானிகளும் விற்கும் பெண்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.