கல்லூரி மாணவர் உணவுதவி (வடசென்னை)

ஏழைக் குடும்பங்களிலிருந்து கல்லூரிக்கு வருவோர் பசியின்றிப் படிக்க அரசும் அறநிலையங்களும் செய்யும் ஏற்பாடு. சத்துணவு என்றதும் இன்று பள்ளிக்கூடமே நினைவுக்கு வந்தாலும், தமிழகத்தில் இதற்கான பழைய சான்றுகள் உயர்கல்வியைச் சேர்ந்தவை. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்க்கு நாள்தோறும் நெல் அளக்க வகைசெய்தது. மேல்நிலைப் பாடம் கற்றோர்க்கு அளவு கூடுதல். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு மாணவர் விடுதியின் உணவோடு சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் நிவந்தம் வைத்தது. இவை வேதம் ஓதியோருக்கே வாய்த்தன. ஆயினும் வயிற்றுக்கு வழிசெய்துவிட்டுப் பாடம் தொடங்கும் முறை அப்போதே நிலைத்திருந்தது.

அந்த வட்டத்தை எல்லாச் சாதியாருக்கும் திறந்தது சென்னை மாநகராட்சி. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராயிருந்த 1920இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானமாயிற்று. பிரிட்டிஷ் அரசு 1925இல் அதை நிறுத்தியது. 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு எனப் பள்ளித் திட்டங்களின் வரிசை நீண்டது. ஆனால் மதியச் சோறு பத்தாம் வகுப்போடு நின்றது. தியாகராயர் பெயரில் 1950இல் பழைய வண்ணாரப்பேட்டையில் தோன்றிய கல்லூரிக்கும் அத்திட்டம் எட்டவில்லை.

கல்லூரி மாணவர் வயது வந்தவர், பணம் தந்தால் போதும் என்பது வலுவான மறுப்பு. 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 தருகிறது, 2024இல் ஆண் மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் வந்தது. படிப்பைத் தொடர அது கைகொடுக்கிறது. ஆனால் நாளுக்கு ரூ.33 தேறும் அத்தொகை, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையால் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கையில் வீட்டு அரிசிக்கே போய்விடும். பருவத் தேர்வுகளும் பெரும்பாலும் அப்போதுதான். கல்லூரியில் பரிமாறும் சோற்றை வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. இலவசச் சோறு இளைஞரைக் கூசவைக்கும் என்போரும் உண்டு. அரசு நல விடுதியில் தங்கும் கல்லூரி மாணவருக்கு 2023 முதல் உணவுப்படி மாதம் ரூ.1,500, அதை யாரும் இழிவென்று கருதுவதில்லை. எண்ணூரிலிருந்து பேருந்தில் வந்து போகும் மாணவிக்கு அது கிடையாது. அவர் தம் வீட்டில் உறங்குகிறார் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை. 2013இல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி ரூ.1, சாம்பார் சாதம் ரூ.5. ஆகவே சமையற்கூடமும் ஆட்களும் மாநகராட்சியிடம் ஏற்கெனவே உண்டு. வகுப்புகளின் முதல் ஷிப்ட் முடியும் நேரத்துக்குக் கல்லூரி வளாகத்துக்குள் சோறு வந்து சேரப் புதிதாக உலை வைக்கத் தேவையில்லை.