மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்கள்

பிக்கப் வாங்கப் போறவருக்கு ஊரில ஆளாளுக்குப் புத்தி சொல்லுவினம். பாரம் ஏத்தவெண்டால் டீசல், சத்தமில்லாமல் ஓடவெண்டால் பெற்றோல். அதில் பிழையில்லை. டீசல் எஞ்சின் குறைந்த வேகத்திலேயே நல்லா இழுக்கும், எரிபொருளும் குறையத்தான் குடிக்கும். ஆனால் 1990களின் யாழ்ப்பாணத்தில் கேள்வி வேறு: எந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும்?

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியது. அதன்பின் வடக்குக்கு வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் அடங்கின. மண்ணெண்ணெய் மட்டும் மட்டாக வந்தது. விளக்குக்கும் அதுதான், தோட்டத்து இறைப்பு மெசினுக்கும் அதுதான், வாகனத்துக்கும் அதுதான்.

அப்போது கைகொடுத்தவை ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய பெற்றோல் கார்கள். அவற்றின் எஞ்சின் எரிபொருளையும் காற்றையும் பெரிதாக அமுக்குவதில்லை. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான். அதனால் தரம் குறைந்த மண்ணெண்ணெயையும் தாங்கியது. ஒரே சிக்கல், குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள்.

இது புது வித்தையல்ல. 1940களின் கடைசியில் வந்த பேர்குசன் உழவு மெசினில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற மலிந்த எண்ணெயில் ஓடுமாறே செய்யப்பட்டது. எங்கட தோட்டக்காரருக்கும் இறைப்பு மெசினால் இது பழகின விசயம்.

டீசல் எஞ்சினின் கதை தலைகீழ். இயல்பில் அது எதையும் தின்னும். 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது. மண்ணெண்ணெயிலும் எரியும். ஆனால் அதன் பம்புக்கு மசகு போடுவதே டீசல்தான். வழுவழுப்புக் குறைந்த மண்ணெண்ணெயில் பம்ப் தேயும். ஒயில் கலந்து சமாளிக்கலாம். தேய்ந்துவிட்டால், உதிரிப்பாகம் வராத ஊரில் என்ன செய்வது?

பெற்றோல் காரும் சும்மா தப்பவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். பிளக்கில் கரி படியும். துடைத்துத் துடைத்துப் போடவேணும். ஆனால் இதெல்லாம் ஒரு ஸ்பனரோடு கராஜ்காரர் பார்க்கக்கூடிய வருத்தம். பிள்ளைப்பேற்றுக்கு வலியெடுத்தவரை அந்தக் கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அதைவிட வேறென்ன வேணும்?

2022 இல் நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். கிடைத்திருந்தாலும், கணினி எரிபொருளை அளந்து தெளிக்கும் புதிய பிக்கப்பில் அந்தப் பழைய வித்தை எடுபடாது. எந்த எஞ்சின் திறம் என்பதைக் கண்காட்சி அறையில் மட்டும் தீர்மானிக்க முடியாது. பாதை பூட்டின நாளில் எதைத் திறந்து, துடைத்து, திரும்ப ஓட்டலாம் என்பதும் ஒரு அளவுகோல். அந்த அளவுகோலில், எப்போதோ காலாவதியான ஏ40 முன்னுக்கு நின்றது.