சீட்டின் அடியில் ஒரு பெயர்



மலர்க் குழுவினர் போன் செய்து, "சார், ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும். ஆனா தயவுசெய்து கணக்கு வேண்டாம்!" என்றார்கள். அப்படியானால் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை! பயப்பட வேண்டாம். ஹாஸ்டல் மொட்டை மாடியில் வார்டனுக்குத் தெரியாமல் நாம் ஆடிய ரம்மியும் கழுதையும் அல்ல. இது வேறு சீட்டு.

சென்ற விடுமுறையில் பேரன் ஒரு சீட்டை என் கையில் கொடுத்து, "தாத்தா, படத்துக்குக் கீழே சாய்வு எழுத்துல இருக்கே, அத மட்டும் படிங்க" என்றான். சீட்டின் பெயர் 'கிரே ஓகர்'. அதாவது சாம்பல் நிற அரக்கன். அரக்கர் குலத்துப் பெண் தத்துவஞானி ஒருவரைப் பற்றி இரண்டு வாக்கியம் இருந்தது. உணவுச் சங்கிலியில் எவ்வளவு மேலே இருக்க முடியுமோ அவ்வளவு மேலே இருப்பதுதான் வாழ்வின் நோக்கம் என்பது அந்த அம்மையாரின் கொள்கை. அதனால் சைவம் சாப்பிடுகிறவர்களை அவர் தின்பதே இல்லையாம்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "இத யாருடா எழுதினது?" என்று கேட்டேன். சீட்டின் அடியில் டான் ஃப்ரேசியர் என்று ஓவியர் பெயர் மட்டும் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அன்று தேடத் தொடங்கியவன், கடைசியில் ஒரு கல்லூரி வாசலில் போய் நின்றேன். ஒன்றல்ல, இரண்டு கல்லூரிகள்!

ஆட்டத்தின் பெயர் 'மேஜிக்: த கேதரிங்'. இதை உருவாக்கியவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு. நம்ம ஆள்தான், கணிதக்காரர்! அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் ஆராய்ச்சி செய்து 1993-இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1991-இல் தான் கண்டுபிடித்த ஒரு பலகை ஆட்டத்தை எடுத்துக்கொண்டு சியாட்டில் பக்கத்தில் இருந்த 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' என்ற சின்னக் கம்பெனிக்குப் போனார். அதன் தலைவர் பீட்டர் அட்கிசன், "இது அச்சடிக்கச் செலவு அதிகம். மாநாடுகளில் இடைவேளையில் ஆடுகிற மாதிரி, பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா?" என்ற பொருளில் கேட்டார். அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் இந்தச் சீட்டுகள்.

ஆடுகிற இருவரும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். சீட்டுகள் எல்லாம் மந்திரங்களும் பூதங்களும். எதிராளியின் புள்ளியைப் பூஜ்யமாக்க வேண்டும். நம் சீட்டுக் கட்டில் எல்லோருக்கும் அதே 52 சீட்டுதான். இதில் அப்படி இல்லை. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, நண்பர்களிடம் மாற்றிக்கொண்டு, அவரவர் கட்டை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும்.

அச்சுக்குப் போகும் முன் ஆடிப் பார்த்தவர்கள் பல்கலைக்கழக நண்பர்கள். அந்தச் சோதனைச் சீட்டுகளுக்குப் படம் வரைய யாரிடம் காசு இருக்கிறது? கையில் கிடைத்த காமிக்ஸ், பத்திரிகைப் படங்களை வெட்டி நகலெடுத்து ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் குணமாக்குவதற்கும் குதிகாலுக்கும் ஒரே உச்சரிப்பு அல்லவா? அதனால் குணமாக்கும் மந்திரத்துக்கு நண்பர் ஸ்காஃப் எலியாஸின் பாதம்! வெறி பிடிக்க வைக்கும் மந்திரத்துக்கு சினிமாவில் ஆடும் ஜான் டிரவோல்டா. எதிராளியின் சக்தியை உறிஞ்சும் மந்திரத்துக்கு, கால்வின் என்ற கார்ட்டூன் பையன் கழிப்பறைக் கோப்பைக்குள் இருக்கும் படம். கார்ஃபீல்டே பிற்பாடு இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது நம் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்தது. அந்த ஆட்டத்தில் சிரிப்பு கடைசியில் தூவிய கொத்தமல்லி அல்ல, முதலிலேயே அடுப்பில் ஏறியது.

விற்பனைக்கு வரும் சீட்டுக்கு ஒட்டுப்படம் ஆகாது. உண்மையான ஓவியம் வேண்டும். கம்பெனியிடமோ பணம் இல்லை. இங்கேதான் இரண்டாவது கல்லூரி வருகிறது. சியாட்டிலில் 1914-இல் நெல்லி கார்னிஷ் என்ற பெண்மணி தொடங்கிய கார்னிஷ் கலைக் கல்லூரி. அங்கே படித்த ஜெஸ்பர் மிர்ஃபோர்ஸ்தான் ஆட்டத்தின் முதல் கலை இயக்குநர். அவர் தன் கல்லூரித் தோழர்களையும் அந்தப் பக்கத்து இளம் ஓவியர்களையும் கூப்பிட்டார். ஒரு படத்துக்குக் கைக்குக் கிடைத்தது 50 டாலர் அளவுதான். மீதிக்குக் கம்பெனிப் பங்கு! கார்ஃபீல்டின் அத்தை முறையான ஃபே ஜோன்ஸ்கூட ஒரு சீட்டுக்கு வரைந்து கொடுத்தார். அவர் அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற ஓவியர்.

காசு குறைவு, ஆனால் இரண்டு நன்மைகள் இருந்தன. ஒன்று, சுதந்திரம். சீட்டின் பெயரைச் சொல்லி, உன் மனசுக்குப் பட்டதை வரை என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் 1993 சீட்டுகளைப் பரப்பி வைத்தால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்று நீர்வண்ணத்தில் கரைந்து போகும், இன்னொன்று மரச் செதுக்குபோல் முறைக்கும். மற்றொன்று, பெயர். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் வரைந்தவர் பெயரை அச்சடித்தார்கள். எண்ணிப் பாருங்கள், நம் தீப்பெட்டிப் படங்களில், காலண்டர்களில், பட்டாசுப் பெட்டிகளில் எத்தனை அருமையான கை! யார் பெயர் நமக்குத் தெரியும்?

1993 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. 295 வகை, மொத்தம் சுமார் 26 லட்சம் சீட்டுகள். வந்த வேகத்தில் தீர்ந்துபோயின. சில மாதங்களிலேயே இன்னும் 73 லட்சம் அடிக்க வேண்டியதாயிற்று. அந்த முதல் பதிப்பில் கிறிஸ்டோபர் ரஷ் வரைந்த கருந்தாமரைச் சீட்டு ஒன்று 2021-இல் 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. அதன் உறையில் அவர் கையெழுத்து இருந்தது. 2016-இலேயே காலமாகிவிட்ட அவர் இதைப் பார்க்கவில்லை.

இனி அந்தச் சாய்வெழுத்து வரிகளுக்கு வருவோம். அதற்கு 'ஃபிளேவர் டெக்ஸ்ட்' என்று பெயர். நான் 'சுவைவரி' என்று வைத்துக்கொள்கிறேன். ஆட்டத்தின் விதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை அழித்துவிட்டாலும் ஆட்டம் நடக்கும். ஆரம்பத்தில் பல சீட்டுகளில் கோலரிட்ஜ், எட்கர் ஆலன் போ, லூயிஸ் கேரல் ஆகியோரின் வரிகளைப் போட்டார்கள். 1993 டிசம்பரில் வந்த கூடுதல் தொகுப்பு முழுக்க 'ஆயிரத்தோர் இரவுகள்' கதைகளை வைத்துச் செய்தது. ஆனால் ஆடுகிறவர்கள் மனப்பாடம் செய்தது சொந்தச் சரக்கைத்தான். பலூனில் ஏறிய குட்டிப் பிசாசுகளில் ஒன்று, மேலேயிருந்து கல்லாகப் போட்டுத் தள்ளலாம் என்று பெருமையடிக்க, இன்னொன்று, "அதெல்லாம் சரி தலைவரே, கீழே எப்படி இறங்குறது?" என்கிற மாதிரி கேட்கும்!

இன்னொரு சீட்டு கல் பூதம். தகுந்த கருவி இருந்தால் கல் பூதத்தை அறுத்துச் சாப்பிடலாம், ரொம்ப ருசி என்று 'பாதாளச் சமையல் புத்தகம்' ஒன்றிலிருந்து எடுத்ததாக அதில் ஒரு வரி. எழுதியவர் பெயர் அஸ்மோரனோமார்டிகாடைஸ்டினாகுல்டகார். ஆங்கிலத்தில் 31 எழுத்து! அப்படி ஒரு புத்தகமும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் கிண்டல். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. 28 ஆண்டு கழித்து, 2021-இல், அந்தச் சமையல்காரிக்கே தனிச் சீட்டு வந்தது. பெயரே முதல் வரியை அடைத்துக்கொண்டதால், மூலையில் விலை அச்சிட இடமில்லை. ஆகவே விலையே இல்லாத சீட்டாக அதற்கு விதியை எழுதினார்கள். ஒரு பழைய நகைச்சுவைக்காகக் கணக்கை வளைத்திருக்கிறார்கள்!

1998-இல் 'அன்க்ளூட்' என்று நகைச்சுவைக்காகவே ஒரு தொகுப்பு போட்டார்கள். அதில் ஒரு பூதம் ஒரு சீட்டில் அடங்காமல் இடம் வலம் என்று இரண்டு சீட்டில் வரும். இன்னொரு சீட்டைக் கிழித்து மேசைமேல் வீசித்தான் ஆட வேண்டும்.

எல்லாக் கிண்டலும், எல்லாச் சுதந்திரமும் நன்றாகவே முடிந்தன என்று சொன்னால் அது வரலாறாகாது. 2020 ஜூனில் அந்தக் கம்பெனி ஏழு பழைய சீட்டுகளின் படங்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கி, போட்டிகளிலும் தடை செய்தது. இனவெறிக் கும்பலை நினைவூட்டும் முக்காடு உருவங்கள் ஒன்றில். நாடோடி மக்களை இழிசொல்லால் குறித்தது இன்னொன்று. அதன் பெயரில் நம் நாட்டுச் சொல்லான 'பிரதேஷ்' வேறு! நண்பர்கள் வட்டத்துக்குள் ஒருவரையொருவர் கேலி செய்வது வேறு, வட்டத்தில் இடமே இல்லாதவரை வைத்துச் சரக்குப் பண்ணுவது வேறு. இதை ஹாஸ்டலில் இருக்கிற தம்பிகள் கவனிக்க வேண்டும். நாமும் அந்தக் காலத்தில் கவனித்தோமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த சோதனை 2024 ஜனவரியில். கம்பெனி வெளியிட்ட ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்த ரசிகர்கள், இது செயற்கை நுண்ணறிவு செய்த படம் என்று கண்டுபிடித்தார்கள். மனிதர் செய்ததுதான் என்று முதலில் மறுத்த கம்பெனி, சில நாளில் அதில் இயந்திரம் செய்த பகுதிகள் உண்டு என்று ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும், இறுதிப் படைப்புகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தானே முந்தைய மாதம்தான் அறிவித்திருந்தது! வாங்குகிறவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று யோசித்தேன். 30 வருஷமாகச் சீட்டின் அடியில் ஒரு பெயரைப் படித்துப் பழகியவர்கள் அவர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

கார்னிஷ் கல்லூரி 2025-இல் சியாட்டில் பல்கலைக்கழகத்துடன் இணைந்துவிட்டது. தனிக் கல்லூரியாக அது இல்லை. ஆனால் அங்கே படித்த பிள்ளைகள் 1993-இல் வரைந்த படங்கள், பெயரோடு, உலகம் முழுக்கப் பெட்டிகளில் இருக்கின்றன.

முடிக்கும் முன் ஒரு சொந்த விஷயம். மெஸ் நோட்டீஸ் போர்டில் இரவோடு இரவாக ஒரு கார்ட்டூன் ஒட்டியிருக்குமே, சாம்பாரில் மூழ்கி முருங்கைக்காயைத் தேடும் நீச்சல் வீரன், என் பேட்ச்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். யார் வரைந்தது என்று கடைசி வரை தெரியவில்லை அல்லவா? என் அறைத் தோழன்தான். படமும் அவனுடையது, அடியில் இருந்த நக்கல் வரியும் அவனுடையது. "பேரப் போட்டா வார்டன் வீட்டுக்கு அனுப்பிடுவார்டா" என்று பயந்தான். இன்று அவன் இல்லை. அந்தப் படங்களில் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. இந்த மலரில் ஒரு பக்கம் போடலாம் என்று ஆறு மாதம் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, இந்த ஆண்டு மலருக்குக் கார்ட்டூன் வரைகிறவர்களும், படத்துக்கடியில் நக்கல் வரி எழுதுகிறவர்களும் தயவுசெய்து மூலையில் சின்னதாகவாவது பெயரைப் போடுங்கள். மலர்க் குழுவினரும் இடமில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள். என் பேட்ச் நண்பர் யாரிடமாவது, பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த நீச்சல் வீரன் கிடந்தால், சந்திப்பு விழாவுக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வாருங்கள். அவன் பெயரை நான் எழுதித் தருகிறேன்.