சம்பா கோயில் சுவர் முதல் 1844 பேரவை வரை: புதுச்சேரி மறைப்பணியில் சாதியும் சமூகச் சேவையும்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சபைகள் ஆற்றிய பணி பெரும்பாலும் இரு வகையில் எழுதப்பட்டுள்ளது. கல்வியும் அச்சும் மருத்துவமும் தந்த தொண்டு வரலாறாக ஒரு சாரார் அதைக் காண்கின்றனர். குடியேற்ற ஆட்சியின் துணைக்கரமாக மற்றொரு சாரார் காண்கின்றனர். இவ்விரு பார்வைகளும், மறைப்பணியின் பலன் உள்ளூர் மக்களுள் எவர் கையில் சேர்ந்தது என்னும் வினாவை முதன்மையாக எழுப்பவில்லை. 1704ஆம் ஆண்டு ஆணை, 1745இல் சம்பா கோயிலில் நடந்த சுவர் இடிப்பு, 1844ஆம் ஆண்டுப் பேரவை ஆகிய மூன்று நிகழ்வுகளை இவ்வினாவின் ஒளியில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, மறைப்பணி, சம்பா கோயில், சாதி, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, பெண்கல்வி, உள்ளூர்க் குருக்கள்.

முன்னுரை

1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் குடியிருப்பை நிலைநிறுத்தினார். கம்பெனியாரின் ஆன்மிகத் தேவைக்கெனக் கப்புச்சின் சபைத் துறவியர் வந்தனர். 1688இல் சயாம் நாட்டில் ஏற்பட்ட ஆட்சிமாற்றத்தால் அங்கிருந்து வெளியேற நேர்ந்த இயேசு சபையாருள் சிலர் அடுத்து இந்நகரை வந்தடைந்தனர். பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையாரும் இங்கு ஓர் இல்லம் அமைத்தனர். சிறியதொரு கடற்கரைப் பட்டினத்தில் மூன்று சபைகள் ஒருங்கே இயங்கின.

இவற்றின் பணிப்பரப்பு பிரிந்தே இருந்தது. ஐரோப்பியரும் அவர்தம் வழித்தோன்றல்களும் கப்புச்சின் சபையாரின் பொறுப்பில் இருந்தனர். தமிழ்க் கிறித்தவர்கள் இயேசு சபையாரின் பொறுப்பில் விடப்பட்டனர். இப்பிரிவினையைக் கப்புச்சின் சபையார் மனமுவந்து ஏற்கவில்லை. மக்கள் வழக்கு இன்றும் இதற்குச் சான்றாக உள்ளது. கப்புச்சின் ஆலயம் ‘கப்ஸ் கோயில்’ ஆயிற்று. ‘சான் பவுலோ’ என்னும் புனித பவுலின் பெயர் மருவி, இயேசு சபையாரின் ஆலயம் ‘சம்பா கோயில்’ ஆயிற்று. இன்றைய தூய ஜென்மராக்கினி அன்னை பேராலயம் அவ்விடத்தில் எழுந்ததேயாகும்.

1704ஆம் ஆண்டு ஆணை

1606இல் மதுரை வந்த ராபர்ட் தெ நொபிலி, கிறித்தவராவதற்குத் தம் சாதி வழக்கங்களைக் கைவிட வேண்டியதில்லை என்னும் நெறியை வகுத்தார். அவ்வழக்கங்கள் சமயம் சாராத சமூக மரபுகள் என்பது அவர் வாதம். புதுச்சேரி இயேசு சபையாரும் இந்நெறியையே பின்பற்றினர். அதன் பயனாக உயர்சாதியினர் சிலர் திருச்சபையில் சேர்ந்தனர். அதன் விலையை ஒடுக்கப்பட்ட சாதியினர் செலுத்தினர். உயர்சாதியினரிடையே பணியாற்றிய குருக்கள், நோயுற்ற பறையர் கிறித்தவரின் குடிசைக்குள் நுழைந்து அருளடையாளம் வழங்கத் தயங்கினர்.

1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரி வந்திறங்கிய சார்ல் தெ துர்னோன் இவ்வழக்கங்களை விசாரித்தார். சீனத்திற்குப் புறப்படுமுன், 1704 ஜூன் 23ஆம் நாளிட்ட ஆணையொன்றை வெளியிட்டார். திருமுழுக்கில் உமிழ்நீர் முதலிய சடங்குக் கூறுகளை விலக்கலாகாது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது, மாதவிடாய்க் காலத்தைக் காட்டிப் பெண்களை ஆலயத்திலிருந்து விலக்கலாகாது, கிறித்தவ இசைக்கலைஞர் இந்துக் கோயில் விழாக்களில் வாசிக்கலாகாது என்பன அதன் விதிகளுள் சில. நோயுற்ற பறையரை அவர்தம் இல்லத்திற்கே சென்று காண மறுக்கலாகாது என்பது சமூக நோக்கில் முதன்மையான விதி.

இவ்வாணை இருவேறு தன்மையான செய்திகளை ஒரே பட்டியலில் அடக்கியது என்பது கருதத்தக்கது. தாலியின் வடிவமும், சாகக் கிடப்பவனின் வாயிலில் குரு நின்றுவிடுவதும் ஒரு தரத்தன அல்ல. ஆயினும் அன்றைய விவாதம் இரண்டையும் ‘மலபார்ச் சடங்குகள்’ என்னும் ஒரே பெயரால் சுட்டியது. அவ்விவாதம் 40 ஆண்டுகள் நீடித்தது. 1744 செப்டம்பர் 12இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணைமடல் அதற்கு முடிவு கட்டியது. பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை நியமித்துக்கொள்ள இம்மடல் இசைவளித்தது. அதாவது, புறக்கணிப்பைத் தடை செய்த அதே மடல் பிரிவினைக்கு ஒரு வழியையும் விட்டுவைத்தது.

சுவர் இடிப்பு: 1745

சம்பா கோயிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. அதன் ஒருபுறம் உயர்சாதிக் கிறித்தவர்களும் மறுபுறம் பறையர் கிறித்தவர்களும் நின்று வழிபட்டனர். 1745 அக்டோபரில் இச்சுவர் இடிக்கப்பட்ட செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இப்பிரிவினையைக் கண்டு கேள்வி எழுப்பினார். அதனால் ஊக்கம் பெற்ற பறையர் கிறித்தவர்கள் தலைமைக் குருவிடம் திரண்டு சென்று, தாங்களும் திருச்சபையின் மக்களே எனின் வேறுபாடு ஏன் என முறையிட்டனர். அதன் பின்னர்ச் சுவர் அகற்றப்பட்டது. உயர்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். குருக்கள் ஆளுநர் துய்ப்ளெக்சின் உதவியை நாடினர். எதிர்த்துக் கூட்டம் கூடுவோர் தண்டிக்கப்படுவர் என்னும் எச்சரிக்கை பிறந்தது.

ஆணைமடல் வெளிவந்து ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் இந்நிகழ்வு நடந்தது. ஆதலின், மேலிடத்து ஆணையின் விளைவாகவே இதைக் காணும் போக்கு இயல்பானது. ஆயினும் நாட்குறிப்பு காட்டும் வரிசைமுறையில், வேண்டுகோள் முதலில் வருகிறது. இடிப்பு அதன்பின் வருகிறது. ரோமாபுரியின் மடல் குருக்களுக்குக் காப்பாக இருந்திருக்கலாம்; செயலைத் தூண்டியது ஒடுக்கப்பட்டோரின் வாய்மொழியே.

இச்சான்றின் தன்மையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை கிறித்தவரல்லர். கம்பெனியின் வணிக வட்டத்தைச் சேர்ந்த, சாதி ஒழுங்கில் நம்பிக்கை கொண்ட இந்து. பறையர்களின் துணிவைப் போற்ற அவருக்குக் காரணம் ஏதுமில்லை. பரிவில்லாத ஒருவர் எழுதியதாலேயே, முன்முயற்சி பறையர்களிடமிருந்து எழுந்தது என்னும் செய்தி கூடுதல் வலிமை பெறுகிறது.

அதிகாரத்தின் நிழல்

சுவர் இடிப்பு அரசின் காவலுடன் நிலைநிறுத்தப்பட்டது என்பதை அக்காலச் சூழலோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். கம்பெனியின் தலைமைத் துபாசிப் பதவி கிறித்தவரிடமே இருத்தல் வேண்டும் என இயேசு சபையார் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தனர். 1716இல் அப்பதவியில் இருந்த இந்து வணிகர் நயினியப்பப் பிள்ளை கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். 1717இல் சிறையிலேயே இறந்தார். அவருக்குப்பின் கிறித்தவரான கனகராய முதலியார் பதவி பெற்றார். நயினியப்பரின் மகன் குருவப்பர் பிரான்சு சென்று திருமுழுக்குப் பெற்றுத் திரும்பியபின் அப்பதவி அவரை அடைந்தது; அவர் இறந்தபின் மீண்டும் கனகராயரிடமே சேர்ந்தது.

1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அதில் இயேசு சபையார் முனைந்து நின்றதையும் அதே நாட்குறிப்பு வேதனையுடன் கூறுகிறது. ஒடுக்கப்பட்டோருக்காக ஒரு சுவரை இடித்த நிறுவனமே, மூன்றாண்டுகளுக்குள் நகரத்து இந்துக்களின் வழிபாட்டிடம் தகர்க்கப்படுவதற்கும் துணைநின்றது. இரு செயல்களுக்கும் ஆளுநரின் ஆற்றலே அரணாயிற்று. ஆகவே முதற்செயலின் அறம் மக்கள் மனத்தில் வேரூன்ற இடமில்லாது போயிற்று. பேராலயச் சுவர் போனபின்னும், தமிழகத் திருச்சபையில் தனி இருக்கை, தனிக் கல்லறை, தனித் தேர்வழி என்னும் பிரிவினைகள் தொடர்ந்தன.

போதனையிலிருந்து சேவைக்கு

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தகர்த்தபோது சம்பா கோயிலும் வீழ்ந்தது. பின்னர் எழுப்பப்பட்ட இன்றைய கட்டடம் 1791இல் அருட்பொழிவு பெற்றது. இதற்கிடையே 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. 1776இல் கர்நாடக மறைப்பணி பாரிஸ் சபையாரின் கைக்கு மாறியது. அரசின் துணையும் ஐரோப்பியப் பணமும் குறைந்த காலம் அது. பிரெஞ்சுப் புரட்சி இரண்டையும் மேலும் குறைத்தது.

1792இல் புதுச்சேரி வந்த அபே துபுவா இம்மாற்றத்தின் எடுத்துக்காட்டு. மைசூர்ப் பகுதியில் பணியாற்றிய அவர், அம்மைத் தடுப்பூசியைப் பரப்புவதில் முன்னின்றார். 1803-04 காலத்தில் அவர் மேற்பார்வையில் ஊசி போடப்பட்டோர் 25,000க்கும் மேற்பட்டவர். ஆனால், 1823இல் வெளிவந்த தம் மடல்களில், இந்துக்களை மதமாற்றும் முயற்சி பெரிதும் தோற்றதென வெளிப்படையாகவே எழுதினார். போதனையால் இயலாதெனக் கருதிய ஒருவர் ஊசியால் மக்களை அணுக முடிந்தது. மறைப்பணியின் எடை சேவையின் பக்கம் சாய்ந்ததற்கு இது முன்னறிகுறி.

1827இல் குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் புதுச்சேரி வந்து பெண்களுக்கான கல்விப் பணியைத் தொடங்கினர். 1840களில் மறைப்பணி அச்சகம் தழைத்தது. அதன் மூலவரான லூயி சவினியன் துப்புயி, மூசே என்பாருடன் இணைந்து உருவாக்கிய இலத்தீன்-பிரெஞ்சு-தமிழ் அகராதி 1846இல் வெளிவந்தது. தமிழ்-பிரெஞ்சு அகராதியின் இரு தொகுதிகள் 1855, 1862ஆம் ஆண்டுகளில் வந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓலைச்சுவடியில் இருந்த வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851-53இல் இவ்வச்சகத்தில்தான் முதன்முதலில் அச்சேறியது.

1844ஆம் ஆண்டுப் பேரவை

ஆயர் கிளெமான் பொன்னான் 1844 ஜனவரியில் தம் குருக்களைப் புதுச்சேரிக்கு அழைத்துக் கூட்டிய பேரவை, ஆசிய மறைப்பணி வரலாற்றில் ஒரு திருப்பம். உள்ளூர்க் குருக்களைப் பயிற்றுவித்தல், உபதேசியார்களை உருவாக்குதல், பள்ளிகள் நிறுவுதல் ஆகியன அதன் மையப் பொருள்கள். இவ்வாண்டிலேயே பெத்தி செமினேர் பள்ளி தோன்றியது. பேரவையில் பங்கேற்ற லுக்கே அதன் தீர்மானங்களை ரோமுக்குக் கொண்டு சென்றார். 1845 நவம்பரில் மறைபரப்புப் பேராயம் வெளியிட்ட அறிவுரை, மறைப்பணி நாடுகள் யாவற்றிலும் உள்ளூர்க் குருக்களை வளர்த்து அவர்களுள்ளிருந்தே ஆயர்களை எழுப்புமாறு பணித்தது. புதுச்சேரியில் பேசப்பட்டது உலகத் திருச்சபையின் கொள்கையாயிற்று.

அதே 1844இல், பெண்கல்வியை நோக்கமாகக் கொண்டு மரியாளின் மாசற்ற இருதய சகோதரிகள் சபையைத் துப்புயி நிறுவினார். எழுத்தறிவு தேவதாசியருக்கே உரியது, குடும்பப் பெண்ணுக்கு அது இழுக்கு என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. இத்தடையை ஐரோப்பியத் துறவியரால் தகர்க்க இயலாது. கற்பிப்பவள் உள்ளூர்ப் பெண்ணாகவும், ஊரார் மதிக்கும் குடும்பத்தவளாகவும் இருந்தாலன்றித் தம் மகளை எவரும் பள்ளிக்கு அனுப்பார். தமிழ்ப் பெண்களைக் கொண்டே சபையை அமைத்தது இதற்கான விடை. அவ்விடை பலித்தது. பள்ளிகள் பரவின, பெண்ணின் கையில் நூல் இருப்பது மெல்ல மெல்ல இயல்பாயிற்று.

ஆனால் இவ்வெற்றியின் உட்கூறு கவனத்திற்குரியது. ஊரார் மதிப்பு என்பது சாதி மதிப்பே. உள்ளூர்மயமாக்கம் என்பது நடைமுறையில், உள்ளூரில் முன்னரே மேல்நிலையில் இருந்தோரிடம் நிறுவனங்களை ஒப்படைப்பதாக முடிந்தது. கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியை முற்றாகக் கைவிடக் கோரிய சுற்றறிக்கையும், அதைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்த பூசலும் அண்மை நிகழ்வுகள். பாரிஸ் சபையார் அத்தகைய மோதலைத் தவிர்த்தனர். பள்ளியும் குருமடமும் காலப்போக்கில் சாதியைக் கரைக்கும் என நம்பினர்.

நம்பிக்கையின் பலனும் எல்லையும்

1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமாயிற்று. உள்ளூர்க் குருக்களே தலைமையேற்க வேண்டும் என்னும் 1844ஆம் ஆண்டுக் கருத்து, 1955இல் அம்புரோஸ் ராயப்பன் முதல் இந்தியப் பேராயராக நியமிக்கப்பட்டபோது நிறைவேறியது. இடைவெளி 111 ஆண்டுகள். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் நடைமுறையில் முடிந்து ஓராண்டு கழிந்தபின்னரே இது நிகழ்ந்தது என்பதும் எண்ணத்தக்கது.

மற்றைய முனை இன்னும் எட்டப்படவில்லை. தென்கோடி வடக்கன்குளத்தில் ஆலயத்தினுள் சாதிகளைப் பிரித்த தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. அதுவும் வழக்கிற்குச் சென்றது. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தனிப் பங்கும் சம உரிமையும் வேண்டிய தலித் கிறித்தவர்களின் கோரிக்கையைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். 1745இல் முறையிட்டவர்கள் ஒரே கூரையின்கீழ்ச் சுவரின்றி நிற்க வேண்டினர். 2008இல் முறையிட்டவர்கள் தனிக் கூரையே வேண்டுமெனக் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

முடிவுரை

புதுச்சேரி மறைப்பணியின் வரலாறு மூன்று முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது. முதலாவது, ஆணைகள் மட்டும் சாதியை அசைக்கவில்லை. 1704க்கும் 1745க்கும் இடையே 41 ஆண்டுகள் சுவர் தேவைப்பட்டோர் பக்கமே காலம் நின்றது. இரண்டாவது, சுவரை அசைத்தது ஒடுக்கப்பட்டோரின் முறையீடு. அதை ஆளுநரின் அச்சுறுத்தலால் காத்தமையால் அது சமூக உடன்பாடாக வளரவில்லை. மூன்றாவது, 1844க்குப் பின் சேவை நிலைபெற்றதற்கும், அச்சேவையின் பலன் சமமாகப் பரவாமைக்கும் காரணம் ஒன்றே: அது ஊரின் மதிப்பு ஒழுங்கைத் துணையாகக் கொண்டு வளர்ந்தது.

ஆதலின் மறைப்பணியின் சமூகச் சேவையை அளவிடப் பள்ளிகளின் எண்ணிக்கையும் அகராதிகளின் பக்கங்களும் போதா. அப்பள்ளியின் சாவி யாரிடம் இருந்தது, அதன் முன்வரிசையில் யார் அமர்ந்தனர் என்பனவும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். சம்பா கோயிலில் முறையிட நின்ற பறையர் கிறித்தவர்களுள் ஒருவரின் பெயரேனும் வரலாற்று நூல்களில் வழங்கவில்லை. பங்குப் பதிவேடுகளையும் நாட்குறிப்பையும் ஒருசேர வைத்து அவர்களைத் தேடுவது, இத்துறையில் செய்யப்பட வேண்டிய அடுத்த பணியாகும்.